கடை சாஃப்ட்வேருக்கு எந்த டேட்டாபேஸ்?

சென்னையில் டெஸ்க்டாப் சாஃப்ட்வேருக்கு இன்னும் நல்ல வேலை இருக்கிறது. எல்லாம் மொபைலுக்கும் பிரவுசருக்கும் போய்விட்டது என்பவர்கள் கோடவுன் தெருவில் ஒரு ஜவுளி மொத்தக் கடைக்குள்ளோ, ஆண்டர்சன் தெருவில் ஒரு காகிதக் கடைக்குள்ளோ எட்டிப் பார்க்கலாம். மேசைமேல் விண்டோஸ் கணினி, பக்கத்தில் பில் அடிக்கும் பிரின்டர், அந்தக் கடைக்கென்றே யாரோ எழுதிக்கொடுத்த புரோகிராம். பல இடங்களில் அது விபி6 என்ற பழைய மொழியும் ஆக்சஸ் என்ற டேட்டாபேஸும் சேர்ந்த கூட்டணி. கடை இன்னும் பழையதென்றால் ஃபாக்ஸ்புரோ.

அப்படி ஒன்றைப் புதிதாக எழுதித் தரும் வேலை உங்களுக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பைத்தானோ, சி ஷார்ப்போ, ஜாவாவோ, ஏதாவது ஒரு மொழி தெரியும். டேட்டாபேஸ் என்றால் கல்லூரியில் படித்த எஸ்க்யூஎல் கொஞ்சம் நினைவிருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது? 'எது வேகமானது', 'எது பெரியது' என்று தேட ஆரம்பித்தால் நாள் முழுக்கத் தேடலாம், முடிவு கிடைக்காது. ஒரு கடையின் தரவுக்கு இன்று இருக்கிற எந்த டேட்டாபேஸும் போதுமான வேகம்தான். கேட்க வேண்டியவை வேறு இரண்டு கேள்விகள். ஒரே நேரத்தில் எத்தனை கணினிகள் இந்தத் தரவில் எழுதப்போகின்றன? நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது இதை யார் பார்த்துக்கொள்ளப்போகிறார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் முக்கால்வாசி முடிவு தானாக வந்துவிடும்.

அதற்கு முன் ஒரு அடிப்படை விஷயம். எக்செல் போதாதா என்று கடைக்காரர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஒரு பில் போடும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். பில்லின் தலைப்பு ஒரு டேபிளில் ஏறுகிறது: எண், தேதி, வாடிக்கையாளர். பில்லில் உள்ள ஏழு சரக்குகளும் இன்னொரு டேபிளில் ஏழு வரிகளாக ஏறுகின்றன. மூன்றாவது டேபிளில் அந்த ஏழு சரக்குகளின் ஸ்டாக் குறைகிறது. கடன் பில் என்றால் வாடிக்கையாளரின் பாக்கி கூடுகிறது. நாலாவது சரக்கின் ஸ்டாக்கைக் குறைத்த கணத்தில் கரண்ட் போய்விட்டது; யூபிஎஸ் பேட்டரியும் பழசு. மறுபடி கணினியைப் போட்டால் பில் பாதி, ஸ்டாக் பாதி என்று நிற்கும். எது நடந்தது, எது நடக்கவில்லை என்று யாருக்கும் தெரியாது.

டேட்டாபேஸ் என்பதன் முதல் வேலையே இதைத் தடுப்பதுதான். இந்த நாலு வேலைகளையும் ஒரே கட்டாக, அதாவது ஒரே டிரான்சாக்‌ஷனாக, அதனிடம் கொடுக்கிறீர்கள். எல்லாம் ஏறினால் ஏறியது. நடுவில் எது தடைப்பட்டாலும் ஒன்றுகூட நடக்காத பழைய நிலைக்கே திரும்பிவிடும். இதை ஒழுங்காகச் செய்யாத எதையும் பில் போடும் சாஃப்ட்வேருக்குள் சேர்க்காதீர்கள். இந்தக் கட்டுரையில் வரும் டேட்டாபேஸ்கள் எல்லாமே இதைச் செய்யும்.

நான் பரிந்துரைக்கப்போவதெல்லாம் ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸ்கள். சரி, 'ஓப்பன்' என்றால் என்ன? காசில்லாமல் கிடைப்பதெல்லாம் ஓப்பன் ஆகிவிடாது. மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் இலவசம்தான். ஆனால் அதன் மூல நிரல் உங்களுக்குக் கிடைக்காது. ஒரு டேட்டாபேஸ் எவ்வளவு பெரிதாகலாம் என்ற வரம்பை அவர்கள் வைக்கிறார்கள், வைத்ததை மாற்றவும் அவர்களால்தான் முடியும். பழைய ஆக்சஸ் ஃபைலுக்கு 2 ஜிபி வரம்பு உண்டு. ஓப்பன் சோர்ஸ் என்றால் மூல நிரலைப் பார்க்கலாம், மாற்றலாம், எத்தனை கடைகளில் வேண்டுமானாலும் போட்டுக் கொடுக்கலாம். இதில் அரசியலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது காலம். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கு ஆவணங்களை, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்னுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். ஆறு வருடம் கழித்து ஒரு பழைய பில்லைத் திறக்க, நின்றுபோன ஒரு நிறுவனத்தின் லைசென்ஸ் சாவியைத் தேடி அலையும் நிலை வரக்கூடாது.

லைசென்ஸிலும் வகை உண்டு, அதை டேட்டாபேஸ் டேட்டாபேஸாகச் சொல்கிறேன். ஓப்பன் என்ற பெயர் நிலைக்கும் என்றும் நம்பிவிட முடியாது. மாங்கோடிபி என்ற டேட்டாபேஸ் 2018-ல் தன் லைசென்ஸை மாற்றியது. ஓப்பன் சோர்ஸுக்கு வரையறை வைத்திருக்கும் அமைப்பு அந்தப் புதிய லைசென்ஸை ஏற்கவில்லை. கடைக் கணக்குக்கு மாங்கோடிபி எப்படியும் தேவையில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது முக்கியமான பிரிவுக்கு வருவோம். டேட்டாபேஸில் இரண்டு குடும்பங்கள். ஒன்று, உங்கள் புரோகிராமுக்குள்ளேயே குடியிருப்பது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம். தரவு முழுக்க ஒரே ஃபைலில் இருக்கும், உங்கள் புரோகிராமே அந்த ஃபைலைத் திறந்து எழுதும். இரண்டாவது, சர்வர். அது ஒரு கணினியில் தனி புரோகிராமாக எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். தரவு ஃபைல்களை அது மட்டுமே தொடும். மற்ற கணினிகளில் உள்ள உங்கள் புரோகிராம் நெட்வொர்க் வழியாக அதனிடம் கேட்டு வாங்கும், சொல்லி எழுத வைக்கும். பழைய மண்டிகளை நினைத்துப் பாருங்கள்: பேரேட்டை மேசைமேல் வைத்துவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் எழுதலாம் என்று விடுவது ஒரு முறை, கணக்கப்பிள்ளை ஒருவர்தான் பேரேட்டைத் தொடுவார், மற்றவர்கள் அவரிடம் சொல்ல வேண்டும் என்பது இன்னொரு முறை. எழுதுகிறவர் ஒரே ஆள் என்றால் கணக்கப்பிள்ளைக்குச் சம்பளம் தண்டம். மூன்று பேர் எழுதுகிறார்கள் என்றால் அவர் இல்லாமல் முடியாது.

முதல் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்தது எஸ்க்யூலைட். ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000-ல் வெளியிட்டார். அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் அவர் வேலை செய்தபோது, டேட்டாபேஸ் சர்வர் படுத்துவிட்டால் மென்பொருளும் படுத்துவிடுவதைப் பார்த்து, சர்வரே இல்லாத டேட்டாபேஸ் இருந்தால் என்ன என்று யோசித்ததில் பிறந்தது. இன்று ஆண்ட்ராய்டு போன், ஐபோன், குரோம், ஃபயர்பாக்ஸ் எல்லாவற்றுக்குள்ளும் இது இருக்கிறது. பைத்தானோடு 2006 முதல் கூடவே வருகிறது. தனியாக இறக்க வேண்டியதில்லை. லைசென்ஸ் என்ற பேச்சே கிடையாது, பொதுவுடைமையாகவே விட்டுவிட்டார்கள். அதன் ஃபைல் வடிவத்தை 2050 வரை ஆதரிப்போம் என்று அறிவித்திருக்கிறார்கள். முன்னே சொன்ன 72 மாதக் கணக்குக்கு இது தாராளம்.

எவ்வளவு தரவு தாங்கும் என்று கேட்பவர்களுக்கு: வரம்பு சுமார் 281 டெராபைட். கோடவுன் தெரு மொத்தத்தையும் ஒரே ஃபைலில் போட்டாலும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது.

ஆக, கடையில் ஒரே கணினிதான், பில் போடுகிறவரும் ஒருவர்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம், எஸ்க்யூலைட். ஆனால் அதை அப்படியே எடுத்துப் பயன்படுத்தக்கூடாது. சில விசைகளை முதலிலேயே திருப்பி வைக்க வேண்டும்.

முதலாவது, அது வகை பார்ப்பதில் ரொம்பத் தாராளம். எண்ணிக்கை என்று நீங்கள் வைத்த இடத்தில் 'பத்து' என்று எழுத்தில் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளும். மாதக் கடைசியில் கூட்டல் தப்பும்போதுதான் தெரியவரும். 2021-ல் வந்த 3.37 பதிப்பிலிருந்து டேபிளை 'ஸ்ட்ரிக்ட்' என்று அறிவிக்கலாம். அறிவித்தால் தப்பான வகையை உள்ளே விடாது. புதிதாக எழுதுகிறவர்கள் எல்லா டேபிளையும் அப்படியே அறிவித்துவிடுங்கள். இரண்டாவது, ஃபாரின் கீ. இல்லாத வாடிக்கையாளர் பெயரில் பில் ஏறக்கூடாது என்று டேபிளை அமைக்கும்போது எழுதியிருப்பீர்கள். எஸ்க்யூலைட் அதைப் படித்து வைத்துக்கொள்ளுமே தவிர, இயல்பு நிலையில் அமல்படுத்தாது. ஒவ்வொரு முறை டேட்டாபேஸைத் திறக்கும்போதும் அந்தச் சோதனையை இயக்கச் சொல்லி ஒரு வரிக் கட்டளை தர வேண்டும். தொடக்கக்காரர்கள் பலருக்கு இது தெரியாது.

மூன்றாவது, பணம். எஸ்க்யூலைட்டில் பணத்துக்கென்று துல்லியமான தசம வகை கிடையாது. புள்ளி வைத்த எண்ணைக் கொடுத்தால் மிதவைப் புள்ளி எண்ணாக வைக்கும், அதில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது, மிக நுண்ணிய வால் ஒன்று ஒட்டிக்கொள்ளும். பில்களைக் கூட்டி முழுமையாக்கும்போது எங்காவது ஒரு பைசா இடிக்கலாம். ஆடிட்டர் அந்த ஒரு பைசாவைத்தான் பிடிப்பார். வழி எளிது. பணத்தை எல்லா இடத்திலும் பைசாவாக, முழு எண்ணாகவே வைத்துக்கொள்ளுங்கள். ₹1,249.50 என்பது உள்ளே 124950. திரையில் காட்டும்போது மட்டும் நூறால் வகுத்தால் போதும்.

இன்னொன்று, பூட்டு. புரோகிராமில் பாஸ்வேர்டு திரை வைத்துவிட்டால் தரவு பத்திரம் என்று நினைக்காதீர்கள். ஃபைலை ஒரு பென் டிரைவில் நகலெடுத்து, இலவசமாகக் கிடைக்கும் ஏதாவது எஸ்க்யூலைட் பார்வைக் கருவியில் திறந்தால் மொத்த வாடிக்கையாளர் பட்டியலும் கண்முன்னே நிற்கும். மறையாக்கம் வேண்டுமென்றால் எஸ்க்யூஎல்சைஃபர் என்ற ஓப்பன் சோர்ஸ் நீட்டிப்பு இருக்கிறது.

இனி எஸ்க்யூலைட்டால் கடைகளில் வரும் பெரிய வில்லங்கம். முதல் வருடம் ஒரே கணினி. வியாபாரம் கூடுகிறது, இரண்டாவது கவுன்டர் போடுகிறார்கள். 'அந்த ஃபோல்டரை ஷேர் பண்ணிவிட்டால் ரெண்டு சிஸ்டத்திலும் ஓடுமே சார்' என்று யாராவது சொல்வார்கள். ஓடும். அதுதான் பிரச்சினையே. சில வாரம் நன்றாகவே ஓடும். எஸ்க்யூலைட் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் எழுத விடும். அடுத்தவரைக் காக்க வைக்க ஃபைலைப் பூட்டும். அந்தப் பூட்டைப் போடுவது விண்டோஸின் வேலை. ஒரே கணினிக்குள் அது நம்பகமாக நடக்கிறது. நெட்வொர்க் வழியாகப் பகிர்ந்த ஃபோல்டரில் அந்தப் பூட்டு எப்போதும் சரியாக விழும் என்ற உறுதி கிடையாது. தீபாவளிக் கூட்டத்தில் இரண்டு கவுன்டரும் ஒரே நேரத்தில் எழுதும்போது பூட்டு ஒருமுறை தவறினால் போதும், ஃபைல் சிதைந்துவிடும். சாதாரணப் பயன்பாட்டில் எழுதுவதும் படிப்பதும் ஒன்றையொன்று தடுக்காமல் இருக்க 'வால்' (WAL) என்றொரு முறை 2010 முதல் அதில் இருக்கிறது, நல்ல முறை. ஆனால் அதற்கும் எல்லா புரோகிராம்களும் ஒரே கணினியில் இருக்க வேண்டும். எஸ்க்யூலைட்டை எழுதியவர்களே நெட்வொர்க் வழியாகப் பல கணினிகள் எழுதுவதென்றால் வேறு டேட்டாபேஸுக்குப் போங்கள் என்றுதான் சொல்கிறார்கள். இரண்டாவது கவுன்டர் வருகிற அன்றே சர்வருக்கு மாறிவிட வேண்டும்.

சர்வர் என்றால் என் தேர்வு போஸ்ட்கிரெஸ்க்யூஎல், சுருக்கமாக போஸ்ட்கிரெஸ். 1986-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆய்வுத் திட்டத்தின் வாரிசு. 1996-ல் இப்போதைய பெயர் வந்தது. ஒரு கம்பெனிக்குச் சொந்தமில்லை. லைசென்ஸில் நிபந்தனை என்று பார்த்தால் பதிப்புரிமைக் குறிப்பை எடுக்காதே என்பதோடு சரி. உங்கள் புரோகிராமை விற்கலாம், மூல நிரலைத் தராமலும் இருக்கலாம். பணத்துக்குத் துல்லியமான எண் வகை உண்டு, தப்பான வகையை உள்ளே விடாது, சொன்ன கட்டுப்பாட்டை அமல்படுத்தும். எஸ்க்யூலைட்டுக்குச் சொன்ன எச்சரிக்கைகளில் பாதி இங்கே வேண்டியதில்லை.

ஆனால் இது தனி ஆள், பராமரிப்பு கேட்கும். கடையில் ஒரு கணினியை சர்வராக வைக்க வேண்டும். நடைமுறையில் அது முதலாளியின் மேசைக் கணினியாகத்தான் இருக்கும். அவர் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது பழக்கதோஷத்தில் ஷட்டவுன் செய்வார். கவுன்டர் இரண்டும் நின்றுவிடும். முடிந்தால் மானிட்டரே இல்லாத ஒரு பழைய பெட்டியை அலமாரிக்குள் யூபிஎஸ்ஸோடு வைத்து, அதை மட்டும் சர்வராக்குங்கள். ரிச்சி தெருவில் நல்ல நிலையில் உள்ள பழைய அலுவலகக் கணினிகள் கிடைக்கும், இதற்கு அதுவே போதும். போஸ்ட்கிரெஸ் தன் பகிர்வு நினைவகத்துக்கு இயல்பாக எடுப்பது 128 எம்பிதான். விண்டோஸ் 10-க்கு முந்தைய கணினி மட்டும் வேண்டாம், 16-ஆம் பதிப்பு முதல் அதில் ஓடாது. லினக்ஸ் போடத் தெரிந்தால் இன்னும் நல்லது.

நிறுவிய உடனே பக்கத்துக் கணினியிலிருந்து இணைக்கப் பார்த்தால் இணையாது. கெட்டுப்போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம். அது பாதுகாப்புக்காக, தான் இருக்கும் கணினியைத் தவிர வேறு யாருடனும் பேசாத நிலையில்தான் வரும். மூன்று இடங்களைத் திறக்க வேண்டும்: எந்த முகவரிகளில் காது கொடுக்க வேண்டும் என்ற அமைப்பு, யார் எங்கிருந்து எந்தப் பாஸ்வேர்டில் வரலாம் என்ற அனுமதிப் பட்டியல், விண்டோஸ் ஃபயர்வாலில் 5432 என்ற போர்ட். சர்வர் கணினிக்கு மாறாத ஐபி முகவரியும் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ரவுட்டரை அணைத்துப் போடும் ஒரு காலையில் முகவரி மாறி, கடை திறக்கும் நேரத்துக்கு உங்களுக்கு போன் வரும்.

இரண்டு கவுன்டர் வந்ததும் முளைக்கும் ஒரு சிக்கலை இங்கே விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இது சட்டத்தோடும் சம்பந்தப்பட்டது. பில் எண். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் தொடர் வரிசையில் இருக்க வேண்டும், ஒரு நிதியாண்டில் ஒருமுறைதான் வரவேண்டும், 16 எழுத்துகளைத் தாண்டக்கூடாது. டேட்டாபேஸே அடுத்த எண்ணைத் தானாகத் தரும் வசதி போஸ்ட்கிரெஸில் இருக்கிறதே என்று அதைப் பில் எண்ணாக வைத்துவிடுவார்கள். அந்த வசதி ஒருமுறை எண்ணைக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்காது. 412 என்று எண் வாங்கிய பில் நடுவில் ரத்தாகிவிட்டால் அடுத்தது 413. 412 என்ற பில் எங்கேயும் இருக்காது. வேகத்துக்காக வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள், குறை சொல்ல முடியாது. மைஎஸ்க்யூஎல்லிலும் இதே கதைதான். 'இருப்பதில் பெரிய எண்ணைப் பார்த்து ஒன்று கூட்டு' என்று எழுதுவது அதைவிட மோசம்: இரண்டு கவுன்டரும் ஒரே நொடியில் பார்த்தால் இருவருக்கும் 412 தெரியும், இருவரும் 413 என்று பில் அடிப்பார்கள்.

சரியான வழி, பில் எண்ணுக்கென்று ஒரே ஒரு வரி உள்ள சின்ன டேபிள். பில்லைச் சேமிக்கும் அதே டிரான்சாக்‌ஷனுக்குள் அந்த வரியை ஒன்று கூட்டி, கூட்டிய எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் கவுன்டர் அந்த வரியைத் தொட்டதும் அது பூட்டிக்கொள்ளும். இரண்டாவது கவுன்டர் ஒரு கணம் காத்திருக்கும். முதல் பில் ரத்தானால் கூட்டியதும் ரத்தாகி எண் திரும்பிவிடும். காத்திருப்பது கண் இமைக்கும் நேரம்கூட இருக்காது, கடைக்காரருக்குத் தெரியவே தெரியாது. உள்ளடையாளமாக வேறு ஒரு எண்ணை டேட்டாபேஸ் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளட்டும். அதில் இடைவெளி விழுந்தால் யாருக்கும் கவலை இல்லை.

மைஎஸ்க்யூஎல் பற்றிச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். கல்லூரி லேபில் எல்லோரும் தொட்டது அதுதான். சுவீடனில் 1995-ல் பிறந்தது, 2008-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வாங்கியது, 2010-ல் சன்னையே ஆரக்கிள் வாங்கியது. அந்தச் சமயத்தில் அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் பிரிந்துபோய் மரியாடிபி தொடங்கினார். முதல் மகள் பெயர் மை, இளைய மகள் பெயர் மரியா. இரண்டு டேட்டாபேஸுக்கும் பெயர் அப்படி வந்தது. நன்றாகத் தெரிந்தவர்கள் இதையே வைத்துக்கொள்ளலாம், கெட்ட டேட்டாபேஸ் இல்லை. டெஸ்க்டாப் விற்பனைக்கு மட்டும் ஒரு கொக்கி: மைஎஸ்க்யூஎல் ஜிபிஎல் லைசென்ஸில் வருகிறது. மூல நிரலைத் தராமல் விற்கும் புரோகிராமோடு அதன் இணைப்பு நூலகத்தையும் (டேட்டாபேஸோடு பேச உதவும் நிரல் தொகுப்பு) சேர்த்துக் கட்டிக் கொடுத்தால், ஆரக்கிளிடம் வணிக லைசென்ஸ் வாங்க வேண்டுமா என்ற கேள்வி எழும். தளர்வான எல்ஜிபிஎல் லைசென்ஸில் வரும் மரியாடிபியின் இணைப்பு நூலகத்தைப் பயன்படுத்தினால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. நான் புதிதாகத் தொடங்குகிறவரை இந்தப் பக்கம் அனுப்ப மாட்டேன்.

அதிகம் பேர் பேசாத ஒன்று ஃபயர்பேர்டு. போர்லண்ட் நிறுவனம் 2000-ல் தன் இன்டர்பேஸ் டேட்டாபேஸின் நிரலைத் திறந்துவிட, அதிலிருந்து கிளைத்தது. (ஃபயர்பாக்ஸ் பிரவுசருக்கு ஒரு காலத்தில் ஃபயர்பேர்டு என்றுதான் பெயர், இந்த டேட்டாபேஸ்காரர்கள் சண்டை போட்டதால்தான் மாற்றினார்கள்.) இதன் அழகு, புரோகிராமுக்குள்ளும் குடியிருக்கும், சர்வராகவும் ஓடும், இரண்டுக்கும் அதே ஒற்றை ஃபைல். ஒரு கணினியில் தொடங்கி, இரண்டாவது கவுன்டர் வரும்போது அந்த ஃபைலை சர்வரிடம் கொடுத்து, இணைப்பு வரியை மாற்றினால் முடிந்தது. எஸ்க்யூஎல்லை மறுபடி எழுத வேண்டாம். நிறுவுவதும் இலேசு. டெல்ஃபி, லாசரஸ் கருவிகளில் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய சரக்கு. பின் ஏன் எல்லோருக்கும் இதையே சொல்லவில்லை? இரவு பதினொரு மணிக்கு ஒரு பிழைச் செய்தி வந்தால், அதே செய்தியை ஏற்கெனவே பார்த்துப் பதில் எழுதியவர்கள் போஸ்ட்கிரெஸுக்கு ஏராளம், ஃபயர்பேர்டுக்குக் குறைவு. தனியாக வேலை செய்கிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. கடை ஒரு வருடத்தில் வளரும் என்று உறுதியாகத் தெரிந்தால் ஒருமுறை முயன்று பாருங்கள்.

ஜாவாவில் எழுதுகிறவர்களுக்கு எச்2, எச்எஸ்க்யூஎல்டிபி என்று உள்ளே குடியிருக்கும் டேட்டாபேஸ்கள் உண்டு; எஸ்க்யூலைட்டே போதும். டக்டிபி பெரிய அறிக்கைகளைக் கணக்கிட அருமையானது, பில் போடுவதற்கானது இல்லை.

இனி தமிழ். வாடிக்கையாளர் பெயரையும் சரக்குப் பெயரையும் தமிழில் வைப்பீர்கள் என்றால் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். பழைய புரோகிராமிலிருந்து தரவை எடுக்கும்போது அது பாமினி மாதிரி ஏதோ ஒரு பழைய எழுத்துரு முறையிலோ, 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் முடிவான டேப், டேம் முறைகளிலோ இருக்கலாம். உள்ளே ஏற்றும் முன்பே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். ஏற்றிய பிறகு மாற்றலாம் என்று விட்டால் பாதி டேபிள் ஒரு முறையிலும் பாதி இன்னொரு முறையிலும் நிற்கும்.

அடுத்தது தேடல். 'கோபால்' என்பதில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும்: ஒரே குறியீடாக, அல்லது ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, டேட்டாபேஸுக்கு வேறு வேறு. ஒரு கீபோர்டில் அடித்த கோபாலை இன்னொரு கீபோர்டில் அடித்துத் தேடினால் கிடைக்காமல் போகலாம். கடைக்காரர் புதிதாக இன்னொரு கோபாலைச் சேர்ப்பார். பாக்கி இரண்டாகப் பிரியும். எழுதும் முன்பும் தேடும் முன்பும் உரையை யூனிகோடின் என்எஃப்சி (NFC) என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. எந்த மொழியிலும் ஒரு வரி வேலை.

மூன்றாவது, அகரவரிசை. யூனிகோடில் தமிழ் எழுத்துகளின் குறியீட்டு வரிசை நம் அகரவரிசையாக இல்லை. 'ன' அங்கே 'ந'-வுக்கு அடுத்து வந்துவிடும், 'ற' வந்து 'ர'-வுக்கு அடுத்து நிற்கும், 'ள'-வும் 'ழ'-வும் 'வ'-வுக்கு முன்னால் போய்விடும். அதனால் வெறுமனே வரிசைப்படுத்தச் சொன்னால் மனோகரன் முதலிலும் மயில்வாகனன் பிறகும் வருவார்கள். புள்ளி எழுத்தும் இடம் மாறும்: அகராதியில் கண்ணன் முன்னால், கணபதி பின்னால்; டேட்டாபேஸ் தலைகீழாகத் தரும். போஸ்ட்கிரெஸில் 10-ஆம் பதிப்பு முதல் ஐசியு (ICU) என்ற நிரல் நூலகத்தின் வரிசை முறைகள் உண்டு. அதில் தமிழுக்கானதைப் பெயர்க் களத்தோடு சேர்த்துச் சொன்னால் வேலை முடிந்தது. எஸ்க்யூலைட்டில் ஒப்பிடும் முறையை நீங்களே எழுதிப் பதிவு செய்ய வேண்டும். அதற்குள் ஐசியுவையே கூப்பிட்டுக்கொள்ளலாம். மைஎஸ்க்யூஎல், மரியாடிபி என்றால் பழைய மூன்று பைட் முறையை விட்டு நான்கு பைட் முறையான யூடிஎஃப்8எம்பி4 என்பதைத் தேர்ந்தெடுங்கள். தமிழ் எழுத்துகளுக்கு மூன்று பைட் போதும் என்பது உண்மைதான். ஆனால் எமோஜிக்குப் போதாது, 2019-ல் யூனிகோடில் சேர்ந்த பழைய தமிழ்ப் பின்னக் குறிகளுக்கும் போதாது. அரைக்கால் வீசம் எழுதும் கடை இன்று இல்லை என்றாலும், வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டிய முகவரியில் ஒரு எமோஜி கட்டாயம் இருக்கும்.

கடைசியாக, நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது என்ன என்ற கேள்வி. இதன் பெரும்பகுதி பேக்கப். எஸ்க்யூலைட் ஃபைல்தானே, காப்பி செய்தால் போதும் என்று நினைப்பது இயல்பு. புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த நகல் பாதி எழுதிய நிலையில் இருக்கலாம். வால் முறையில் புதிய தரவு பக்கத்தில் இன்னொரு ஃபைலில் இருக்கும், அதை விட்டுவிட்டுப் பிரதான ஃபைலை மட்டும் எடுத்திருப்பீர்கள். எஸ்க்யூலைட்டே தரும் பேக்கப் வசதியைப் புரோகிராமுக்குள் ஒரு பொத்தானாக வையுங்கள். ஓடும் ஃபைலை கூகுள் டிரைவ் மாதிரி ஒத்திசைக்கும் ஃபோல்டரில் வைப்பதும் இதே காரணத்தால் ஆபத்து. பேக்கப் எடுத்து முடித்த நகலை அதில் போடலாம். போஸ்ட்கிரெஸுக்கு, தரவை நகலெடுத்துத் தரும் டம்ப் கருவி அதனுடனே வருகிறது. கையேடுகள் எல்லாம் நள்ளிரவில் ஓட விடு என்று சொல்லும். நள்ளிரவில் நம் கடைக் கணினி அணைந்திருக்கும். மத்தியானம் மூன்று மணிக்கு ஓட விடுங்கள், அல்லது நாள் கணக்கை முடிக்கும் பொத்தானோடு சேர்த்துவிடுங்கள்.

நகல் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தரைத்தளக் கடைகளில் தண்ணீர் புகுந்ததைப் பார்த்த ஊர் இது. கணினியும் பேக்கப் எடுத்த ஹார்டு டிஸ்க்கும் ஒரே மேசைக்குக் கீழே இருந்தால் இரண்டும் சேர்ந்தே முழுகும். ஒரு நகலாவது முதலாளி வீட்டில், இல்லை இணையத்தில், வேறு பகுதியில் இருக்கட்டும்.

கடை பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்து, நீங்கள் எழுதுவது கணக்குப் புத்தகமாகவே பயன்படப்போகிறது என்றால் இன்னொன்றும் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருள், யார் எதை எப்போது மாற்றினார்கள் என்ற பதிவை வைத்திருக்க வேண்டும். அதை அணைத்துவைக்கும் வசதி இருக்கக்கூடாது. இதைத் திரைக்குத் திரை எழுதிக்கொண்டிருக்காதீர்கள். டேபிளில் மாற்றம் நடந்தால் தானாக ஓடும் டிரிகரில் எழுதுங்கள், எந்த வழியாக மாற்றினாலும் பதிவாகிவிடும். எஸ்க்யூலைட்டிலும் டிரிகர் உண்டு, ஆனால் ஃபைலைக் கையில் வைத்திருப்பவர் டிரிகரையே அழித்துவிடலாம். போஸ்ட்கிரெஸில் பதிவு டேபிளை அழிக்கும் உரிமையைக் கடைப் பயனருக்குத் தராமலே இருக்க முடியும். ஒரே கணினி இருந்தாலும் கம்பெனிக் கணக்கு என்றால் நான் போஸ்ட்கிரெஸ் பக்கம் சாய்வது இதனால்தான்.

பாரிமுனையில் கடை, அம்பத்தூரில் கிடங்கு, இரண்டும் ஒரே ஸ்டாக்கைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் உடனே 5432-ஐ இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். திறந்த போர்ட்டைத் தேடி அலையும் புரோகிராம்கள் கதவைத் தட்ட அதிக நேரம் ஆகாது. இரண்டு இடத்துக்கும் நடுவே விபிஎன், அதாவது இணையத்துக்குள்ளேயே ஒரு தனிப் பாதை, போடலாம். இணையம் அடிக்கடி அறுபடும் இடமென்றால் நடுவில் ஒரு சின்ன வெப் சர்வீஸ் எழுதி, கிடங்குக் கணினி உள்ளூர் எஸ்க்யூலைட்டில் எழுதி வைத்து, இணைப்பு வந்ததும் அனுப்பும்படி செய்யலாம். இந்த இரண்டாவது வழியைக் கேட்டதும் எளிதாகத் தோன்றும். ஒரே சரக்கை இரண்டு இடத்திலும் விற்றுவிட்டால் யார் கணக்கு செல்லும் என்று கடைக்காரரிடம் முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு அவர் சொல்லும் பதிலைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.